துணிக்கலையும் ஓவியமும்: உலகக் கலை வரலாற்றில் இவற்றுக்குள் எவ்வளவு நெருக்கம்?

கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நெசவு, சாயம், பூத்தையல் போன்ற துணி நுட்பங்களுக்கும் ஓவிய நுட்பங்களுக்கும் வரலாற்றில் தொடர்பு உண்டா என்பது ஒன்று. துணியைக் 'கைவினை' என்றும் ஓவியத்தைக் 'கலை' என்றும் பிரித்தது நியாயமா என்பது இன்னொன்று. என்னைக் கேட்டால், இரண்டும் பல நூற்றாண்டுகள் ஒரே சரக்கை வைத்துப் பிழைத்தவை. அதை விளக்கினாலே இரண்டாவதற்கும் பாதி பதில் வந்துவிடும்.

நான் முதலில் தூரிகை பிடித்தவன். சாயத் தொட்டிப் பக்கம் பிறகுதான் போனேன். அதனால் எதைப் பார்த்தாலும் நிறம் எங்கே நிற்கிறது என்றுதான் கண் தேடும். ஓவியத்தில் நிறமி கரைவதில்லை. அரைத்த தூளாகவே இருக்கும். அதைப் பரப்பில் பிடித்துவைக்க முட்டைக்கருவோ பசையோ ஆளிவிதை எண்ணெயோ வேண்டும். சாயம் அப்படியல்ல, கரைந்து இழைக்குள் இறங்கும். ஈரச் சுண்ணாம்பில் வரையும் சுதை ஓவியம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து இறுகும்போது நிறமியும் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், தனியாகப் பசை வேண்டாம்.

அவுரி நீலம் இந்தக் கணக்குக்கு அடங்காத பேர்வழி. தண்ணீரில் கரையாது. காரம் (alkali) கலந்த தொட்டியில் ஆக்சிஜன் இல்லாமல் நொதிக்கவிட்டால் கரையும் வடிவத்துக்கு மாறும் (அந்த நாற்றத்தை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்). துணியை வெளியே எடுக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்று பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மத்திய அமெரிக்காவின் மாயா மக்கள் அதே இனத்துச் செடியின் நீலத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கி, சுவரில் பூசும் நிறமியாக மாற்றினார்கள். செடிச்சாயம் களிமண்ணின் நுண்துளைகளில் புகுந்துகொண்டதால், அந்தக் காட்டு ஈரத்தையும் தாண்டி பல நூற்றாண்டுகளாக நிற்கிறது.

ஆனால் ஒரே ஒரு நுட்பத்தைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது ஆந்திரத்தின் துணி ஓவியமான கலம்காரிதான். ஸ்ரீகாளஹஸ்தியில் வரைபவர் எழுதுகோலால் வைக்கும் பல கோடுகளில், வைக்கும்போது நிறமே இருக்காது. பருத்தித் துணியை முதலில் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்து ஊறவைப்பார்கள். பாலின் கொழுப்பு மை கசிந்து பரவாமல் தடுக்கும். இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் புளிக்கவைத்த நீரால் கோடு போட்டால், அது கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத்தான் தடவுவார்கள். பிறகு முழுத் துணியையும் சிவப்பு வேர் போட்ட அண்டாவில் கொதிக்கவைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கவ்விக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டியதெல்லாம் அலசலிலும் வெயிலிலும் போய்விடும். கை ஓவியனுடையது, வேதியியல் சாயக்காரனுடையது. இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

இந்த அறிவு வேறு இடங்களிலும் இருந்தது. எகிப்தியர் துணியில் நிறமற்ற மருந்துகளைத் தடவி, ஒரே நிறச் சாயம் கொதிக்கும் அண்டாவில் முக்கிப் பல நிறங்களோடு எடுப்பதை கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி வியந்து எழுதியிருக்கிறார். ஐரோப்பாவுக்கோ வெகுகாலம் கழித்தும் இது சரியாகக் கைவரவில்லை. சோழமண்டலத் துணிகள் வந்து குவிந்தபோது, உள்ளூர் நெசவைக் காப்பாற்ற பிரான்ஸ் 1686-ல் அவற்றுக்குத் தடையே போட்டது. 1742-ல் கேர்து என்ற இயேசு சபைப் பாதிரியார் சோழமண்டலக் கரையிலிருந்து செய்முறையை விவரமாகக் கடிதத்தில் எழுதி அனுப்பினார்.

அதே படிகாரம் ஓவியனின் மேசையிலும் இருந்தது. கரைந்திருக்கும் சாயத்தில் படிகாரமும் காரமும் சேர்த்தால் நிறம் வீழ்படிவாக இறங்கும். அதைக் காயவைத்து அரைத்தால் எண்ணெயில் குழைக்கத்தக்க, கண்ணாடி போன்ற சிவப்பு. 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சிவப்புச் சாயம் தரும் பூச்சியிலிருந்து நேரடியாக இதைச் செய்வதைவிட, சாயமேற்றிய விலையுயர்ந்த கம்பளித் துணியைச் சீவும்போது விழுந்த துணுக்குகளைக் காரநீரில் போட்டு நிறத்தை உரித்தெடுப்பதே பெருவழக்கு. அந்தக் காலப் படங்களில் சிவப்பு அங்கி பளபளத்தால், அந்த நிறம் ஏதோ ஒரு நிஜ அங்கித் துணியிலிருந்தே வந்திருக்கக்கூடும். எனக்கு இதைவிடச் சுவையான செய்தி கலை வரலாற்றில் கிடைத்ததில்லை.

நெசவில் கேள்வி வேறு: படம் எப்போது முடிவாகிறது? இக்கத்தில் தறி ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது. நூலைக் கட்டிக் கட்டிச் சாயமேற்றி, நெய்யும்போது படம் கூடிவர வேண்டும். பாவு (நீள நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டிலும் அப்படிச் செய்யும் குஜராத்தின் பாட்டான் பட்டோலாப் பட்டில் ஓர் இழை நகர்ந்தாலும் கோடு கலங்கும். திரைச்சீலை (சுவரில் தொங்கவிடும் படத்துணி, tapestry) நெசவில் நெய்ய நெய்யத்தான் படம் பிறக்கிறது; கீழே முடித்ததை மேலே போன பிறகு திருத்த முடியாது. வாட்டிகனின் சிஸ்டைன் சிற்றாலயத் திரைச்சீலைகளுக்காக இத்தாலிய ஓவியர் ரஃபேல் 1515 வாக்கில் முழு அளவுக் காகித வரைவுகளைச் செய்தார். பிரஸ்ஸல்ஸ் நெசவாளர்கள் அவற்றைக் கீற்றுகளாக வெட்டித் தறியின் பாவுக்கு அடியில் வைத்து நெய்தார்கள். நெய்பவர் பார்ப்பது துணியின் பின்புறத்தை என்பதால் படம் வலம் இடமாக மாறும்; அதற்காக ரஃபேல் எல்லாவற்றையும் திருப்பி யோசிக்க வேண்டியிருந்தது. ஏழு வரைவுகள் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மீன்பிடிக் காட்சியில் இயேசுவின் அங்கி இன்று வெள்ளை, ஆனால் தண்ணீரில் விழும் அதன் நிழலுரு சிவப்பு! அங்கிக்குப் போட்டது வெளிறும் சாயச்சிவப்பு, நிழலுருவுக்குப் போட்டது நிலைக்கும் கனிமச்சிவப்பு.

இதே நோய் துணிக்கும் உண்டு. பழைய திரைச்சீலைகளில் மரங்கள் நீலமாக இருப்பது நெய்தவரின் கற்பனை அல்ல. நீலத்தின் மேல் ஏற்றிய செடி மஞ்சள் வெளுத்துவிட்டது, அவ்வளவே. 17-ஆம் நூற்றாண்டு டச்சு மலர் ஓவியங்களில் நீல இலைகள் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். திரைச்சீலையைத் திருப்பிப் பார்க்க வாய்த்தால் பின்புறத்தில் பழைய பச்சை இருக்கும். ஓவியத்துக்கு அந்த வசதி கிடையாது.

ஓவியத்துக்கே உடம்பு துணிதான் என்பதையும் மறந்துவிடுகிறோம். வெனிஸின் உப்பு ஈரத்தில் சுதை ஓவியம் நிற்கவில்லை. கப்பல் பாய்த்துணி தாராளமாகக் கிடைத்தது. வெனிஸ் ஆட்சித்தலைவரின் தோஜே அரண்மனையில் ஓவியர் தின்தோரெத்தோவின் 'சொர்க்கம்' சுமார் 22 மீட்டர் அகலம், துண்டுகளை இணைத்து உருவான கித்தான். எண்ணெய் நேரடியாக இழையில் பட்டால் காலப்போக்கில் அது மக்கும் என்பதால் முதலில் பசை பூசி அடைப்பார்கள். 1952-ல் அமெரிக்க ஓவியர் ஹெலன் ஃபிராங்கென்தாலர் அந்த விதியை மீறி, நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பூச்சில்லாத பருத்தியில் ஊற்றி 'மலைகளும் கடலும்' வரைந்தார். செய்முறையில் அது பாதி சாயமேற்றல்.

நிறக் கோட்பாடுகூட தறியிலிருந்து வந்திருக்கிறது. 1824-ல் பாரீஸ் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவரான வேதியியலாளர் ஷெவ்ரலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகார் போனது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும் கறுப்பை மங்கலாகக் காட்டின. அதை விதியாக்கி 1839-ல் நூல் வெளியிட்டார். நிறப் புள்ளிகளாலேயே படம் வரைந்த பிரெஞ்சு ஓவியர் செராவின் புள்ளிகளுக்குப் பின்னால் அந்த நூல் இருக்கிறது. ஓவியர் சோனியா டெலோனே 1911-ல் மகனுக்காகத் துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வை, அவருடைய அரூப ஓவியங்களுக்கு வழிதிறந்தது.

இனி 'கைவினை' விஷயம். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியிடம் 2,000-க்கும் மேற்பட்ட திரைச்சீலைகள் இருந்தன. ஓவியத்தைவிட அவைதான் அரச கௌரவம். 17-ஆம் நூற்றாண்டு பிரான்சில் லெ புரன் என்ற ஒரே மனிதர் ஓவியக் கழகத்தின் நிறுவனர்களில் ஒருவராகவும் கோப்லான் கூடத்தின் தலைவராகவும் இருந்தார். கலை மேலே, கைவினை கீழே என்ற தரவரிசையைப் பின்னால் ஓவியக் கழகங்கள்தான் கெட்டிப்படுத்தின. பெயர் தெரிந்த ஒருவர் தனியாகச் செய்தால் கலை, பெயர் தெரியாத பலர், அதிலும் பெண்கள், சேர்ந்து செய்தால் கைவினை என்ற கணக்கில் எனக்கு உடன்பாடில்லை. 11-ஆம் நூற்றாண்டில் சுமார் 70 மீட்டர் லினனில் கம்பளி நூலால் ஒரு போரையே தைத்த பேயூ துணியில், தைத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை.

படிக்கத் தொடங்குவதானால் நாடுவாரியாக வேண்டாம், பொருள்வாரியாகத் தொடங்குங்கள். படிகாரம், அவுரி, மெழுகு என்று ஒவ்வொன்றாக. மெழுகை எடுத்தால், எகிப்தில் மம்மிகளோடு வைத்த ஃபாயும் முகப்படங்களில் அது நிறத்தைப் பிடித்துவைக்கிறது. ஜாவாவின் பாத்திக் துணியில் நிறத்தை அண்டவிடாமல் தடுக்கிறது.