ஈர்ப்பு விதியையே மாற்றிப் பார்த்தால்? கேள்வி பதில்

போன அமாவாசை இரவு கல்லடிக் கடற்கரையில் வானம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரபஞ்சம் ஏன் வேகம் கூடிக்கூடி விரிகிறது, ஈர்ப்பு விதிதான் பிழையோ என்று தொடங்கிய பேச்சு. அன்று முடியவில்லை. பிறகு வந்த கேள்விகளையும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கல்முனை, உயர்தர மாணவி: பிரபஞ்சம் ஆர்முடுகி விரிகிறது என்று எப்படித் தெரியும், சேர்?

இரவில் பாலத்தில் நின்று வாவியைப் பாருங்கள், மகள். தோணிகளில் எல்லாம் ஒரே விளக்கு என்றால், மங்கலாகத் தெரிவது தூரத்துத் தோணி. வெண்குறளி, அதாவது எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீன், வெடிக்கும் ஒருவகைச் சூப்பர்நோவாவும் அப்படியொரு விளக்குத்தான். 1998இல் இரண்டு குழுக்கள் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை அளந்தபோது, அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. ஈர்ப்பு இழுத்து விரிவைக் குறைத்திருக்க வேண்டும்; நடந்ததோ நேர்மாறு. பேர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் கிடைத்தது.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியர்: விரிவை வேகப்படுத்தும் அந்தக் காணாத ஒன்றைத்தான் இருள் சக்தி என்கிறார்களே. ஏன் ஈர்ப்பு விதியில் கை வைக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. பிரபஞ்சத்தின் மொத்தச் சக்தியில் ஏறத்தாழ 68% இருள் சக்தி என்பது கணக்கு. ஆனால் அது என்ன? வெற்றிடத்தின் சக்தி என்று வைத்துக் குவாண்டம் முறையில் எளிமையாகக் கணித்தால், வருகிற விடை அளந்ததைவிட ஏறத்தாழ 120 பூச்சியம் கூடுதல். அதனால்தான் சிலர் பொருளைத் தேடாமல் விதியைச் சந்தேகிக்கிறார்கள்.

இப்படி ஒரு நிலை முன்பும் வந்தது. யுரேனஸ் கணக்கில் வந்த பாதையை விட்டு விலகியது. காணாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் பிரெஞ்சுக்காரர் லெவெரியே. 1846இல் அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே நெப்டியூன் கிடைத்தது. புதன் கோளின் பாதையிலும் பிசகு இருந்தது; நூறு ஆண்டுக்கு 43 விகலை (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு ஒரு விகலை). அதே லெவெரியே அதே உத்தியில் வல்கன் என்றொரு கோளைச் சொன்னார். தேடித்தேடியும் அது கிடைக்கவில்லை. 1915இல் ஐன்ஸ்டைன் விதியை மாற்றினார், அந்த 43 விகலையும் சரியாக வந்தது. ஒரே மனிதர், ஒரே அறிவு, இரண்டு விதமான முடிவு. இருள் சக்தி நெப்டியூனா, வல்கனா என்பதுதான் இன்றைய கேள்வி.

காத்தான்குடி: விதியை எப்படி மாற்றுகிறார்கள்?

ஐன்ஸ்டைனுக்கு ஈர்ப்பு என்பது வெளி வளைவதுதான்; அவர் சமன்பாட்டில் அந்த வளைவு நேரடியாக வருகிறது. அதற்குப் பதிலாக வளைவின் சார்பு ஒன்றைப் போடுவது ஒரு வழி. ஈர்ப்பு ஐந்தாவது பரிமாணத்துக்குள் கசிகிறது என்பது 2000இல் வந்த இன்னொரு வழி. அழகான யோசனை, ஆனால் அதன் தானாக ஆர்முடுகும் வடிவம் அவதானங்களோடு பொருந்தவில்லை.

அக்கரைப்பற்று: ஈர்ப்பு மாறியிருந்தால் சந்திரனின் ஓட்டத்திலேயே தெரிய வேண்டாமா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சந்திரனில் வைத்த கண்ணாடிகளுக்கு லேசர் அனுப்பித் தூரத்தைச் சில சென்ரிமீற்றருக்குள் அளக்கிறார்கள், பிசகு தெரியவில்லை. அதனால் புதிய விளைவு ஒளிந்துகொள்ள வேண்டும். பொருள் செறிந்த இடத்தில் அடங்கி, வெறுமையில் தலைகாட்டும் ஒரு புலத்தைச் சிலர் முன்வைத்தார்கள். பச்சோந்தி என்றே பெயர் வைத்தார்கள்.

ஏறாவூர்: எது சரியென்று எப்போதாவது முடிவாகுமா?

பாதி முடிவாகிவிட்டது, தம்பி. 2017 ஆகஸ்ட் 17இல், 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் (மிகச் செறிந்த சிறு விண்மீன்கள்) மோதியதன் ஈர்ப்பலை, அதாவது வெளியிலேயே எழும் அதிர்வு, வந்தது. 1.7 செக்கனில், ஒளியின் வேகத்தில் ஓடும் காமாக் கதிரும் வந்தது. அவ்வளவு தூரம் ஓடியும் அவ்வளவுதான் வித்தியாசம்! ஈர்ப்பலை ஒளியைவிட வேறு வேகத்தில் போகும் என்ற கோட்பாடுகள் பல அன்றே விழுந்தன. மிச்சத்தைச் சோதிக்க, விண்மீன் மண்டலங்கள் எவ்வளவு வேகமாகக் கூட்டம் சேர்ந்தன என்று பார்க்கிறார்கள். விரிவு ஒரே மாதிரி இருந்தாலும், ஈர்ப்பு வேறென்றால் அந்த வேகம் மாறும். இதுவரை ஐன்ஸ்டைன் நிற்கிறார். நானும் அந்தப் பக்கந்தான். ஆனால் 2024, 2025இல் அரிசோனாத் தொலைநோக்கியில் பொருத்திய டெசி என்ற கருவியின் அளவீடுகள், இருள் சக்தி காலத்தோடு மாறுகிறதோ என்ற ஐயத்தைக் கிளப்பியுள்ளன. உறுதியாகவில்லை, உறுதியானால் இருள் சக்தி என்றும் மாறாத ஒரு மாறிலி என்ற கதை முடியும்.

கல்முனை மாணவி மறுபடி: அந்த மோதல் நடந்த இடம் இங்கிருந்து தெரியுமா?

கண்ணுக்குத் தெரியாது, மகள், திசை தெரியும். சித்திரை மாதம் இரவு எட்டு மணிக்குக் கடலைப் பார்த்து நில்லுங்கள். தென்கிழக்கில் சித்திரை நட்சத்திரம் வெள்ளையாக ஏறி நிற்கும். கையை நீட்டி ஒரு முட்டி அகலமும் இன்னும் கொஞ்சமும் தெற்கே போங்கள். அங்கேதான்.