சபாங்: இந்தோனேசியாவின் மேற்கு முனையில் ஒரு துறைமுக நகரம்

கேள்வி: கோலாலம்பூரில் பணிபுரியும் மகனிடம் டிசம்பர் விடுமுறையில் செல்லவிருக்கிறோம். அங்கிருந்து இந்தோனேசியாவின் எல்லை நகரான சபாங்குக்கும் போய்வர விரும்புகிறோம். பார்க்கத்தக்க இடங்கள் எவை? கணவருக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகம் நடக்க இயலாது. ஒரே நாளில் திரும்பிவிடலாமா?
— ஆசிரியை ஒருவர், பண்டாரவளை

பதில்: ஒரே நாளில் திரும்ப எண்ண வேண்டாம், இரண்டு இரவுகளாவது தங்குங்கள். சுமாத்திராவின் வடமுனைக்கு அப்பால் உள்ள வே தீவில் சபாங் இருப்பதால், பண்டா ஆச்சே வரை விமானத்தில் சென்று, உலே லே துறைமுகத்தில் படகு ஏற வேண்டும். விரைவுப் படகு ஒரு மணி நேரத்துக்குள் பாலோஹான் துறையை அடைந்துவிடும். டிசம்பரில் மழையும் காற்றும் மிகுந்து படகுகள் தாமதமாகலாம் என்பதால், திரும்பும் விமானத்துக்கு முந்திய நாளே பண்டா ஆச்சேக்கு வந்துவிடுவது நல்லது.

இங்கு எல்லை என்பது கடல். அதற்கப்பால் வடமேற்கே இந்தியாவின் நிக்கோபார் தீவுகள். நாம் 'பருத்தித்துறை முதல் தெய்வேந்திரமுனை வரை' என்பதுபோல, இந்தோனேசியர் தம் நாட்டின் முழு நீளத்தையும் 'சபாங் முதல் (கிழக்குக் கோடியிலுள்ள) மெராவ்கே வரை' என்பர். அதனால்தான் தீவின் மேற்குக் கோடியில் நாட்டின் தொடக்கப் புள்ளியைக் குறிக்கும் பூச்சியக் கிலோமீற்றர் நினைவுச்சின்னத்துக்கு எல்லோரும் செல்கின்றனர். வாகனம் அருகிலேயே நிற்கும். குரங்குகள் உணவுப் பைகளைப் பறிக்கும், கவனம்.

ஆயினும் நான் முதலிடம் தருவது கிழக்குக் கரையிலுள்ள அனோய் இத்தாம் கோட்டைக்கே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் சபாங்கை நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறைமுகமாக வளர்த்தனர். 1942இல் அதைக் கைப்பற்றிய ஜப்பானியர் அமைத்த பதுங்கு அரண்களில் ஒன்றுதான் இது. 1944 ஏப்ரலில் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசிய விமானங்களைச் சுமந்த பிரித்தானிய, அமெரிக்கக் கப்பல்கள் நமது திருகோணமலையிலிருந்தே புறப்பட்டன என்பதை அறிந்து அங்கு நிற்கும் இலங்கையருக்கு, அந்தக் கடல் அந்நியமாகத் தோன்றாது. சில படிகள் ஏற வேண்டியிருக்கும். உங்கள் கணவர் நிதானமாக ஏறட்டும்.

இபோய் கடற்கரையில் அடிப்பாகம் கண்ணாடியாலான படகுகள் கிடைப்பதால், நீந்தாமலே பவளப்பாறைகளையும் மீன்களையும் அவர் அமர்ந்தபடி காணலாம். எதிரேயுள்ள ரூபியா தீவில், ஒல்லாந்தர் காலத்தில் ஹஜ் யாத்திரிகரைத் தடுத்துவைத்த நோய்த்தடுப்புக் கட்டடத்தின் எச்சங்கள் உள்ளன. அனேக் லாவுட் என்ற நன்னீர் ஏரி வழியிலேயே இருக்கிறது. ஜாபோயில் கந்தகப் புகை கக்கும் எரிமலைச் சரிவில் நடக்க வேண்டும், அதை விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமையை நகருக்கு ஒதுக்குங்கள். சபாங் அடங்கிய ஆச்சே மாகாணத்தில் இஸ்லாமியச் சட்டம் நடைமுறையிலிருப்பதால் ஜும்ஆத் தொழுகை முடியும்வரை கடைகள் மூடியிருக்கும். படகுச் சவாரியும் கிடைக்காது. அடக்கமான உடை அவசியம். டிசம்பர் 26 அன்று, 2004 ஆழிப்பேரலையில் மாண்டோர் நினைவாக ஆச்சே மீனவர் கடலுக்குச் செல்வதில்லை. நாமும் அதே காலையில் உறவுகளை இழந்தவர்கள். அந்நாளில் நீங்கள் அங்கிருந்தால் பண்டா ஆச்சேயின் ஆழிப்பேரலை அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். அந்நகரில் தமிழர் அமைத்த பழனி ஆண்டவர் கோயிலும் அப்பேரலையில் சேதமுற்றுப் பின்னர் மீண்டும் கட்டப்பட்டது. அங்கும் வழிபடலாம்.

விசா விதிகள் மாறக்கூடியவை. பயணச்சீட்டு வாங்குமுன் கொழும்பிலுள்ள இந்தோனேசியத் தூதரகத்தில் விசாரியுங்கள்.