ஊறிய சுருட்டும் முதிர்ந்த சுருட்டும்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் கனடாவிலிருந்து வந்த மச்சான் பார்த்தாகாஸ் சேரியே டி நம்பர் 4 என்ற கியூபாச் சுருட்டு ஒரு பெட்டி தந்தார். இருபத்தைந்து சுருட்டு, பெட்டியின் அடியில் 2014 முத்திரை. சுருட்டை ஈரம் காத்து வைக்கும் மரப்பெட்டி, ஹியூமிடோர் ஒன்று வாங்கி, கூட வந்த கடதாசியில் சொன்னபடி உட்புறத்தை வடித்த தண்ணீரால் துடைத்து, ஸ்பொஞ்சை வாரம் ஒருமுறை நனைத்து வந்தேன். அதிலுள்ள ஈரப்பதன் மானியின் ஊசி எப்போதும் 70இல்தான் நின்றது. இதுவரை நான்கு குடித்தேன். ஒரே கைப்பு. ஒவ்வொன்றும் இரண்டு தரமாவது அணைந்தது, ஒன்று பாதியில் வெடித்தது. மேலே வெண்புள்ளிகள் இருக்கின்றன. அது நல்ல முதிர்ச்சியின் அடையாளம் என்கிறார் நண்பர். விமர்சனங்களில் வரும் கோப்பி, கொக்கோ, தோல் வாசம் ஒன்றும் எனக்குப் படவில்லை. என் நாக்கில் பிழையா? எந்தச் சுவைகளைத் தேட வேண்டும்? கூடக் குடிக்க எது நல்லது, விஸ்கியா சாராயமா? உண்மையைச் சொன்னால் யாழ்ப்பாணச் சுருட்டின் மட்டமான காரம்தான் இதிலும் வந்தது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நாக்கில் ஒரு பிழையும் இல்லை. கைப்பைக் கைப்பு என்று சொன்ன நாக்கு அது. வேறொருவர் எழுதிய கோப்பி வாசம் வரவில்லை என்று அதைச் சந்தேகிப்பதை முதலில் விடுங்கள். பிழை, வாராவாரம் நீங்கள் நனைத்த ஸ்பொஞ்சில் இருக்கிறது. கொழும்பில் சுருட்டுச் சேர்க்கிறவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் செய்கிற வேலை இதுதான் என்று பலநாளாக மனம் பொருமிக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. அதனால் மற்றவற்றை ஒதுக்கிவிட்டு இதையே எழுதுகிறேன்.

அந்தக் கடதாசி கொழும்புக்கு எழுதப்பட்டதல்ல. குளிர்நாட்டில் மாரியில் வீட்டைச் சூடாக்கும்போது அறைக்காற்று வறண்டு, ஈரப்பதன் 30 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே சுருட்டு காய்ந்து நொறுங்கும். ஸ்பொஞ்சும் தண்ணீரும் அந்த வறட்சிக்கான மருந்து. வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் 30 பாகைச் சூடு, 80 வீத ஈரப்பதன். ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. ஏசி அறையில் 21 பாகைக்குக் குளிர்ந்த பெட்டிக்குள் அதே காற்று புகுந்தால் அங்கே 18 கிராமுக்கு மேல் தங்காது. மிச்சம் ஈரமாக இறங்கும், இலை அதைக் குடிக்கும். வறண்ட ஊரில் நோயாளிக்குக் கொடுக்கும் தண்ணீரை நீங்கள் வெள்ளத்தில் நிற்கிறவனுக்கு மூன்று வருடம் ஊட்டியிருக்கிறீர்கள்.

ஊசி 70இல் நின்றது என்கிறீர்கள். மூன்று வருடத்தில், இரண்டு மழைக்காலத்திலும், அசையவே இல்லையா? அசையாத மானி அளக்கிற மானி அல்ல. ஹியூமிடோரோடு இலவசமாக வரும் ஊசிமானியைக் கழற்றி எறியுங்கள். சின்ன டிஜிட்டல் மானி ஒன்று வாங்கி, அதையும் நம்பாமல் சோதியுங்கள். ஒரு சோடா மூடி நிறையக் கல்லுப்பு, அதில் சில துளி தண்ணீர். உப்பு கரையக் கூடாது, ஈரமணல்போல இருக்க வேண்டும். மூடியையும் மானியையும் சிப் வைத்த பிளாஸ்டிக் பை ஒன்றில் இட்டு இறுக்கி மூடி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். நிறைவுற்ற உப்புக்கரைசலுக்கு மேலே நிற்கும் காற்று 75 வீதத்தில் வந்து நிற்கும். மானி 70 காட்டினால் அது ஐந்து குறைத்துக் காட்டுகிறது. இனி எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படியுங்கள். உங்கள் பெட்டிக்குள் எண்பதுக்குக் குறையாமல் இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுருட்டு ஏன் கைத்தது என்று இப்போது பாருங்கள். ஊறிய இலை எரிய வேண்டுமானால் முதலில் அதன் தண்ணீர் ஆவியாக வேண்டும். அந்த வேலைக்கே நெருப்பின் சூடு போய்விடுகிறது, கங்கு தணிகிறது, அணைகிறது. அணைந்துவிடுமோ என்று நீங்கள் அடிக்கடி இழுக்கிறீர்கள். அப்போது கங்கு ஒரே பக்கம் கொதிக்க, நீராவியோடு தாரும் சேர்ந்து வாய்ப்பக்கம் வந்து படிகிறது. அதுதான் அந்தக் கைப்பு. உள்ளிலை ஊறி வீங்கியிருக்க, கங்கின் சூட்டில் ஆவி இன்னும் விரிய, மெல்லிய மேலிலை இடம்கொடுக்க முடியாமல் வெடிக்கிறது. நான்கு சுருட்டிலும் நீங்கள் கண்ட மூன்று குறையும் ஒரே காரணத்தால் வந்தவை.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பதம். யாழ்ப்பாணச் சுருட்டை மட்டம் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அது எனக்குக் கோபம் தந்தது. கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் யாழ்ப்பாணத்தார் நடத்திய சுருட்டுக்கடைகளில் இருந்தவர்கள் மானி எதுவும் வைத்திருக்கவில்லை. விரலால் பதம் பார்த்தார்கள். அந்தச் சுருட்டு வேறு இலை. புகையூட்டிப் பதப்படுத்தி, கோடா என்னும் பதப்படுத்தும் சாறு போட்டு, காரத்துக்காகவே செய்யப்படுவது. கியூபாச் சுருட்டைப்போல வருடக்கணக்கில் வைத்து மென்மையாக்கும் பொருள் அல்ல அது, அப்படி ஆக வேண்டும் என்று யாரும் அதைச் சுற்றவும் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் இரண்டையும் அறியாதவராகிறீர்கள். உங்கள் வாயில் பட்ட காரம் ஊறிய இலை வெந்த காரம்.

பதம் பார்க்கும் விதம் இது. சுருட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து, பற்றவைக்கும் முனையிலிருந்து வாய்ப்பக்கம் வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். பதமானது சற்று அமுங்கி, விரலை எடுத்ததும் எழும்பும். காய்ந்தது மெல்லச் சரசரக்கும். ஊறியது பஞ்சுபோல அமுங்கி, விரல் பதிந்த பள்ளம் அப்படியே நிற்கும். உங்கள் பெட்டியிலிருந்து ஒன்றை இப்போதே எடுத்துப் பாருங்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

அந்த வெண்புள்ளி பூஞ்சணம். பளிங்குத்தூள்போல எண்ணெய் பூக்கும் என்ற கதையை விட்டுவிடுங்கள். வட்டமாக, பஞ்சுபோல, வெள்ளையோ பச்சையோ எதுவானாலும் பூஞ்சணமே. மேலிலையில் மட்டும் இருந்தால் உலர்ந்த மென்துணியால் துடைத்துவிடலாம். பற்றவைக்கும் முனையில், இலை மடிப்புகளுக்குள்ளே தெரிந்தால் எறிந்துவிடுங்கள். விலையை நினைத்து வைத்திருக்காதீர்கள்.

முதிர்ச்சி என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் 2014 என்ற எண்ணையே கும்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். புதிதாகச் சுற்றிய சுருட்டில் நொதித்தல் முழுதாக ஓய்ந்திருக்காது. அமோனியா நெடி இருக்கும். அது போக மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஓரிரு வருடம். அதன்பின் துவர்ப்பும் முரட்டுத்தனமும் மெல்ல மெல்லத் தணியும். செடியின் உச்சியில் வெயில்பட்டு வளரும் லிஹேரோ இலை கூடுதலாகக் கலந்த காரமான சுருட்டு வருடக்கணக்கில் தாங்கும். மென்மையான கலவை சீக்கிரமே வெளிறிப்போகும். உங்களுடையது காரமான வகை, வைத்திருக்கத் தகுந்தது. ஆனால் இவையெல்லாம் 62 முதல் 65 வீத ஈரப்பதனில், சூடில்லாத இடத்தில், இருளில் நடப்பவை. எண்பதில், முப்பது பாகையில் நடப்பது முதிர்ச்சியல்ல. அடங்கிய நொதித்தல் திரும்பக் கிளம்பலாம். பெட்டியைத் திறந்ததும் மூக்கைக் குத்தும் நெடி வந்தால் அதுதான்.

இனி மீட்புவேலை. மனம் தளராதீர்கள், இருபத்தொன்றில் பெரும்பாலானவை திரும்பும். அவசரப்பட்டு ஏசி அறையில் விரித்துப் போடாதீர்கள். மேலிலை உள்ளிலையைவிட வேகமாகச் சுருங்கும், கீறல் விழும். ரப்பர் விளிம்போடு இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைக் கழுவி, மணம் போகக் காயவைத்து, சுருட்டுகளை அவற்றின் சொந்தப் பெட்டியோடே அதற்குள் வையுங்கள். ஈரத்தைக் கொடுக்கவும் இழுக்கவும் வல்ல பொவேடா போன்ற பைகள் கிடைக்கின்றன. 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று என்பது கணக்கு. ஊறிய சுருட்டுக்கு முதலில் 69 வீதப் பை. சில நாளில் அது நீர் குடித்துப் பொம்மும், பொம்மினால் மாற்றுங்கள். மூன்று கிழமை சென்று 65க்கு இறங்குங்கள். ஒரு சுருட்டுக்கு அடையாளம் இட்டு, நகைக்கடைக்காரர் பாவிக்கும் சின்ன மின்தராசில் கிழமைக்கு ஒருதரம் நிறுங்கள். எடை குறைவது நின்று இரண்டு கிழமை ஒரே அளவில் இருந்தால் பதம் வந்துவிட்டது. மொத்தம் இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அந்த மர ஹியூமிடோர்? மூடி இறுகாத மரப்பெட்டி கொழும்பில் வெளிக்காற்றை உள்ளே விடும் வாசல்தான். அலுமாரியில் வைப்பவர்கள் பூச்சி உருண்டையை அப்புறப்படுத்துங்கள், சுருட்டு அந்த நாற்றத்தை முழுதாக வாங்கிக்கொள்ளும்.

சூடு தனிப்பகை. புகையிலை வண்டின் முட்டை இலைக்குள் இருந்தால் நமது சூட்டில் பொரித்துவிடும். ஊசிமுனைத் துளையும் தூளும் கண்டால் முழுப்பெட்டியும் ஆபத்தில் இருக்கிறது. சிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஒரு நாள் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில், மூன்று நாள் உறைபெட்டியில், திரும்ப ஒரு நாள் கீழ்த்தட்டில், பிறகு வெளியே. ஆனால் பதம் வந்தபின்தான் இதைச் செய்யலாம். ஊறிய சுருட்டை உறையவைத்தால் நீர் விரிந்து மேலிலை பிளக்கும். வசதி இருந்தால் கொம்ப்ரசர் உள்ள வைன் குளிரூட்டியில், இறுக மூடிய பெட்டியோடே, 18 பாகையில் வையுங்கள். கொம்ப்ரசர் இல்லாத மலிவு வகை கொழும்பு வெக்கையில் திணறும்.

இங்கேதான் பலர் கடைசியில் கெடுக்கிறார்கள். 18 பாகையில் இருந்த சுருட்டை நேரே விறாந்தைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? 30 பாகை, 80 வீதக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராய்ப் படியத் தொடங்கும் சூடு, 26 பாகை. சோடாப் போத்தல் வேர்ப்பதுபோல மேலிலை வேர்க்கும். உற்றுப் பாருங்கள்: முதலில் பளபளப்பு மங்கும், பிறகு இலை நரம்போரம் கருமையேறும், தொட்டால் விரலில் ஒட்டும். பல வருடக் காவல் பத்து நிமிடத்தில் போயிற்று. குளிரூட்டிக்குள்ளேயே சிப் பையில் போட்டு மூடி, மூடியபடி வெளியே எடுத்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். வேர்வை பையின் வெளிப்புறத்தோடு நிற்கும்.

பற்றவைப்பது பற்றிச் சுருக்கமாக. வாய்ப்பக்க முனையை மூடியிருக்கும் இலைத்துண்டான தொப்பியை இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் வெட்டாதீர்கள். தொப்பிக்கோட்டைத் தாண்டினால் மேலிலை அவிழும். பற்றவைக்கமுன் வெறுமனே இழுத்துப் பாருங்கள், அந்தக் குளிர்ந்த இழுப்பிலேயே இலையின் மணம் பாதி வந்துவிடும். பெற்றோல் லைட்டர் வேண்டாம். தீக்குச்சியானால் மருந்து எரிந்து முடியும்வரை பொறுங்கள். சுவாலையில் முனையைத் தொடாமல் சுற்றிச் சுற்றிச் சூடுகாட்டி, விளிம்பு முழுக்கக் கருகியபின் இழுங்கள். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. 124 மில்லிமீற்றர் நீளமுள்ள உங்கள் சுருட்டு ஒரு மணித்தியாலம் போக வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். காலிமுகத்திடல் கடற்காற்றில் நின்று குடித்தால் ஒருபக்கம் ஓடி எரியும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதீர்கள். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் வாய்ப்புற்று, தொண்டைப்புற்று ஆபத்து இருக்கிறது, முதிர்ந்த சுருட்டு என்பதால் அது குறைவதில்லை. மாதத்துக்கு ஒன்று போதும், வெறுவயிற்றில் ஒருபோதும் வேண்டாம். மூடிய பொது இடங்களில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை.

சுவைகளைத் தேட வேண்டாம். வாயில் புகையை இரண்டு விநாடி வைத்து விட்டுவிட்டு, கொஞ்சத்தை மட்டும் மூக்கால் விடுங்கள். எங்கே கடிக்கிறது, நாக்கு வறள்கிறதா ஊறுகிறதா, அடுத்த இழுப்பு வரை எது மிஞ்சுகிறது என்று மட்டும் கவனியுங்கள். வறுத்த மல்லி, பனங்கட்டி, புழுங்கல் அவியும் பானை என்று உங்கள் வீட்டு மணங்களில் ஏதாவது தானே நினைவுக்கு வரும். வந்தால் அதையே எழுதிவையுங்கள். கடைசி மூன்றிலொன்றில் சூடும் கைப்பும் ஏறினால் வைத்துவிடுங்கள், அடி வரை குடிக்கக் கடமை இல்லை.

விஸ்கியா சாராயமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டாம். முதல் ஐந்து சுருட்டுக்கும் சீனி போடாத வெறுந்தேத்தண்ணி, இளஞ்சூட்டில்.

அன்புடன்.