டாலியும் பாமினியும் ஒரே லேப்டாப்பில்: லினக்ஸுக்கு மாறலாமா?

கேள்வி: நான் கல்லிடைக்குறிச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 2016-ல் வாங்கிய லேப்டாப் வைத்திருக்கிறேன். ஐ3 ஆறாம் தலைமுறை, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று திரையில் வருகிறது. திருநெல்வேலியில் ஒரு கடையில் காட்டினேன். ‘இது பழைய இரும்புக்குத்தான் போகும், புதுசு வாங்கிருங்க’ என்றார்கள். பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் ‘விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்க சித்தி, காசே வேண்டாம்’ என்கிறான். பாமினி எழுத்துருவில் அடித்த பாடக்குறிப்புகளும் கோயில் மலர்க் கட்டுரைகளும் நிறைய இருக்கின்றன. வீட்டுக்காரர் தன் பாத்திரக்கடைக் கணக்கை இதே லேப்டாப்பில் டாலியில் போடுகிறார். பிரிண்டர் கேனான் எல்பிபி 2900. யார் பேச்சைக் கேட்பது?

பதில்: டீச்சர், கடைக்காரர் அவர் வியாபாரத்தைப் பார்த்துச் சொல்கிறார். உங்கள் அக்கா மகன் லேப்டாப்பைப் பார்த்துச் சொல்கிறார். உங்கள் மேஜையை யாரும் பார்க்கவில்லை. அதில் இருக்கும் மூன்று விஷயங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பாமினி, டாலி, பிரிண்டர். லினக்ஸா விண்டோஸா என்பதை அவைதான் முடிவு செய்யப்போகின்றன.

முதலில் பதற்றம் வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். அதற்காக லேப்டாப் நின்றுவிடாது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் வராது, அவ்வளவுதான். அதுவும்கூட, வீட்டுப் பயன்பாட்டுக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருகிறார்கள். அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் பணம் கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் 30 டாலர். இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். லினக்ஸுக்குப் போனாலும் போகாவிட்டாலும் இந்த அவகாசம் உங்களுக்கு வேண்டும்.

ஒரு சின்னச் சோதனையும் செய்யுங்கள். லேப்டாப் வாங்கியபோது வந்தது விண்டோஸ் ஹோம் பதிப்பு என்று வைத்துக்கொள்வோம். இப்போது செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தில் ‘ப்ரோ’ என்று காட்டினால், நடுவில் யாரோ ஃபார்மட் அடித்து உரிமம் இல்லாத விண்டோஸை ஏற்றியிருக்க வாய்ப்பு அதிகம். நம் பக்கத்தில் இது சாதாரணம். விண்டோஸுக்குக் காசு கொடுக்க வேண்டும், லினக்ஸ் இலவசம் என்று பேசுகிறோம்; ஆனால் விண்டோஸுக்குத் தனியாகக் காசு கொடுத்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். உரிமத்தை ஏமாற்ற ஏற்றும் சின்ன நிரல் இருக்கிறதே, பல சமயம் வைரஸ் உள்ளே வருவது அந்த வாசல் வழியாகத்தான். கடைக் கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கிற மெஷினில் அது வேண்டவே வேண்டாம். வந்தபோது இருந்த அதே பதிப்பைத் திரும்ப ஏற்றினால், லேப்டாப்புக்குள் பதிந்திருக்கும் உரிம எண்ணைப் பெரும்பாலும் அதுவே எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸ் 11 ஏன் ஏறவில்லை? இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த சிப், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புப் பகுதி, இரண்டும் வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. உங்களுடையது ஆறாம் தலைமுறை. ‘குறுக்கு வழியில் ஏத்தித் தாரேன்’ என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அப்படி ஏற்றிய மெஷினுக்கு அப்டேட் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

சரி, லினக்ஸ். 1991-ல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் அதே லினக்ஸ் கருதான். ஆகவே பத்து வருஷமாக நீங்கள் லினக்ஸ்காரர்தான், தெரியாமல். கம்ப்யூட்டருக்கான லினக்ஸில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. அந்தச் சந்தைக்குள் போகாதீர்கள், தலைசுற்றும். லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு, உங்களுக்குப் போதும். கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என்று பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

கஷ்டமா என்று கேட்டால், கஷ்டம் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. பாளையங்கோட்டையில் நான் லினக்ஸ் போட்டுக் கொடுத்த ஒரு பெரியவர் மறுநாளே போன் செய்தார்: ‘அண்ணாச்சி, டி டிரைவைக் காணோம்!’ லினக்ஸில் சி, டி என்ற டிரைவ் எழுத்துகளே கிடையாது. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். அவருடைய கோப்புகள் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆனாலும் இருபது வருஷமாக இருந்த அலமாரி காணாமல் போன மாதிரி அவருக்கு இருந்திருக்கிறது. பெரும்பாலான சிரமம் இந்த வகைதான். பழக இரண்டு வாரம்.

உண்மையான சிரமம் ஆள். தமிழக அரசு 2011-லிருந்து மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, சி-டாக் உருவாக்கியது. பிள்ளைகள் வாங்கிய வாரமே கொண்டுவந்து ‘இதை எடுத்துருங்க’ என்பார்கள். நானே எத்தனையோ எடுத்துக் கொடுத்திருக்கிறேன், இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதே சமயம் செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனால், கேரளப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள், பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வும் அதில்தான் எழுதுகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் அதிபுத்திசாலிகள் என்று அர்த்தமில்லை. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இருக்கிறார், பழுது பார்க்க ஆள் இருக்கிறார். அம்பாசமுத்திரத்தில் உங்கள் லேப்டாப்பைத் திறந்து பார்க்கும் தம்பிக்கு லினக்ஸ் தெரியுமா? தெரியாவிட்டால் உங்கள் அக்கா மகன் போனில் வந்து உதவத் தயாரா? இதை அவரிடம் நேராகக் கேளுங்கள். ‘போடுங்க சித்தி’ என்று சொல்வது சுலபம்.

இப்போது பாமினி. உங்களுக்கு உயிர் இதில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாமினி, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீடு பரவுவதற்கு முந்தைய காலத்து எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அவற்றின் மேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஆங்கிலம் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், சட்டை கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். விண்டோஸில் இருக்கும் பாமினி எழுத்துருக் கோப்பை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் எழுத்துரு ஃபோல்டரில் ஒருமுறை போட்டுவிட்டால், வேர்ட் மாதிரியான இலவச லிப்ரே ஆஃபீஸில் உங்கள் பழைய கட்டுரைகள் தமிழாகத் திறக்கும். புதிதாக அடிக்கவும் செய்யலாம், தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்; எழுத்துருவை பாமினி என்று தேர்ந்தெடுத்துவிட்டு வழக்கமான விசைகளையே தட்ட வேண்டியதுதான்.

ஒரு கண்ணி மட்டும் உண்டு. வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வழக்கம் லிப்ரே ஆஃபீஸுக்கு உண்டு. பாமினியில் சின்ன எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் அது ‘ஆம்மா’ ஆகிவிடும். டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் போய் அந்த வரியில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். தமிழாசிரியைக்கு இதைவிடக் கோபம் வரவழைக்கும் விஷயம் வேறு இருக்காது.

ஆனால் பாமினியிலேயே தங்கிவிடாதீர்கள் என்பது என் கருத்து. அதில் எழுதியதை இணையத்தில் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, உங்கள் பேரப்பிள்ளைகளின் போனில் திறக்காது. பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. வாரம் நாலு கட்டுரை என்று மாற்றி, ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துத் திருத்தி வையுங்கள். லினக்ஸில் யூனிகோடு அடிக்க ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் அதனோடு எம்17என் தொகுப்பும் நிறுவ வேண்டும். தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை மூன்றும் அதில் உண்டு. விரல் பாமினிக்குப் பழகியிருப்பதால் உங்களுக்கு டைப்ரைட்டர் முறைதான் கைக்கு நெருக்கமாக வரும். மெனுக்களையும் தமிழுக்கு மாற்றலாம், ஆனால் ஆங்கிலத்திலேயே விடுங்கள்; உங்களிடம் இதைச் சொல்லக் கூடாதுதான், என்றாலும் போனில் வழி சொல்கிறவருக்கு எந்த மெனு என்று தெரிய வேண்டாமா?

அடுத்தது டாலி. இதில் பேச்சுக்கே இடமில்லை. டாலி பிரைம் விண்டோஸுக்கான மென்பொருள். லினக்ஸில் ஒயின் என்ற ஏற்பாட்டின் வழியாக ஓட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். விளையாட்டுக்குச் சரி, ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளில் திறக்காமல் போனால் ஆடிட்டர் முன் யார் நிற்பது? வீட்டுக்காரருக்கு விண்டோஸ் வேண்டும். ஆப்பிளின் மேக்கும் இதற்கு வழியில்லை, அங்கேயும் இதே கதைதான். கைரேகைக் கருவி வைத்து இ-சேவை வேலை செய்கிறவர்களுக்கும் கோரல்டிராவில் வேலை செய்கிற அச்சகக்காரர்களுக்கும் நான் சொல்வது இதையேதான்.

பிரிண்டர் இரண்டுங்கெட்டான். எல்பிபி 2900 கம்ப்யூட்டரோடு பேசுவது கேப்ட் என்ற தனி மொழியில். லினக்ஸில் அதற்கான டிரைவரை ஏற்ற முடியும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் ஓடும் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். அச்சடிக்க வேண்டியதை பிடிஎஃப் ஆக்கி, விண்டோஸில் திறந்து அடித்துக்கொள்ளுங்கள். நல்ல பிரிண்டர் அது, இதற்காகத் தூக்கிப் போட வேண்டாம்.

மற்றபடி யூடியூப், வங்கி, வாட்ஸ்அப் வெப், வீடியோ அழைப்பு எல்லாம் பிரவுசரில் நடப்பவை, லினக்ஸில் வித்தியாசமே தெரியாது. ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை ஜீவன் பிரமாண் வழியாகக் கொடுப்பதானால் போனில் முகம் காட்டினாலே முடிந்துவிடுகிறது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும் என்பார்கள். பாதி உண்மை. மின்ட் தானாக எடுத்துக்கொள்ளும் ரேம் குறைவு. ஆனால் பிரவுசரில் பத்து பக்கம் திறந்தால் விண்டோஸானாலும் லினக்ஸானாலும் 4 ஜிபி மூச்சுத் திணறும். 2016 மாடல் என்றால் உள்ளே பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி ஒன்று 256 ஜிபியில், ரேமை 8 ஜிபி, இந்த இரண்டும் செய்தால் விண்டோஸே உயிர் பெற்றுவிடும். பழைய ஹார்ட் டிஸ்கை வீசிவிடாமல் யுஎஸ்பி கேசிங்கில் போட்டு பேக்கப்பாக வையுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்த லேப்டாப்களில் சேறு காய்ந்து அப்பியிருந்தது. மெஷினுக்காக யாரும் அழவில்லை. உள்ளே இருந்த கல்யாணப் போட்டோவுக்காகத்தான் அழுதார்கள். நீங்களும் தாமிரபரணிக் கரையில்தான் இருக்கிறீர்கள். அந்த டிஸ்கை மேல் அலமாரியில் வையுங்கள்.

நான் உங்கள் வீட்டில் இருந்தால் செய்வது இது. இந்த மாதம் எஸ்எஸ்டி, ரேம் மாற்றி, விண்டோஸ் 10-ஐ நீட்டிப்போடு வைத்துக்கொள்வேன். அக்கா மகன் ஊருக்கு வரும்போது ஒரு 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றிவரச் சொல்வேன். பென்டிரைவிலிருந்தே அது ஓடும், உங்கள் டிஸ்கைத் தொடாது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, கேமரா வருகிறதா, மூடித் திறந்தால் முழிக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவலாம். லேப்டாப்பைப் போடும்போது எது வேண்டும் என்று கேட்கும். அதற்கு முன் விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்தில்தான் கிடக்கும், லினக்ஸால் அந்த டிரைவில் எழுத முடியாது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். டாலி டேட்டா ஃபோல்டரைத் தனியாக நகல் எடுங்கள்.

பிறகு 2026 அக்டோபருக்குள், வீட்டுக்காரர் கடையில் ஒரு சின்ன விண்டோஸ் 11 மெஷின் போடட்டும். பழசானாலும் பரவாயில்லை, எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். டாலியின் லைசென்ஸை இந்த லேப்டாப்பில் சரண்டர் செய்துவிட்டு அங்கே ஆக்டிவேட் செய்யலாம். பிரிண்டரும் அங்கேயே போகட்டும். கடைக் கணக்கு கடையிலேயே இருப்பதுதானே முறை? அன்றைக்கு இந்த லேப்டாப் முழுக்க உங்களுடையது, விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று. லேப்டாப்பின் அடியில் ஒரு தாள் ஒட்டுங்கள்: ‘இதில் லினக்ஸ் இருக்கிறது. கேட்காமல் ஃபார்மட் அடிக்க வேண்டாம்.’ கீழே அக்கா மகனின் போன் நம்பர்.