மூசையில் கலப்பது வேறு, குடுவையில் கலப்பது வேறு

தங்கமும் வெள்ளியும் மாதிரி இரண்டு உலோகம் ஒன்றாகக் கலந்த நானோ துகள் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் அளக்கும் பொடி), அதை வினையூக்கியாக்குவது, இது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்தவற்றில் சில.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்: வெள்ளியையும் செம்பையும் மூசையில் உருக்கினால் கலந்துவிடுகிறது. உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை பாடு?

அண்ணா, உருக்கிய கட்டியை எப்படி அரைத்தாலும் 5 நானோமீட்டருக்கு வராது. அதனால் உப்பாகக் கரைத்து, தண்ணீருக்குள்ளேயே அணு அணுவாக உலோகமாக்குகிறோம். வினை நடப்பது மேற்பரப்பில்தான், உள்ளே புதைந்த தங்கம் பெட்டியில் பூட்டி வைத்த பணம் மாதிரி. அப்புறம், உங்கள் வெள்ளியும் செம்பும் ஆறும்போது பிரிந்துதான் உறைகின்றன, மெருகிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள், திட்டுத்திட்டாகத் தெரியும். தங்கமும் வெள்ளியும் எந்த விகிதத்திலும் ஒட்டிக்கொள்ளும்.

எம்.எஸ்சி. மாணவர், சேலம்: குளோரோஆரிக் அமிலத்தில் (தங்கத்தின் கரைசல்) வெள்ளி நைட்ரேட் விட்டதும் பால் மாதிரி வெளுக்கிறது, அண்ணா.

வெள்ளி குளோரைடு, தம்பி. ஒவ்வொரு தங்க அணுவும் நாலு குளோரைடைக் கூட்டிக்கொண்டு வருகிறது, அது உலோகமாக மாற மாற அவை கரைசலில் இறங்கும். மில்லிமோலார் (லிட்டருக்கு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு) செறிவில் தொடங்காதே, அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போ. குடுவையைக் கடைசியாக எதில் கழுவினாய்? நான் ஒருமுறை குளோரைடு உள்ள போர்த் தண்ணீரில் அலசிவிட்டு, ஒரு நாள் முழுக்க வெள்ளி நைட்ரேட் பாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதே மாணவர்: கலந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் நிறமாலை எடு. வெள்ளிக்கு 400 நானோமீட்டர் பக்கம் முகடு, தங்கத்துக்கு 520 பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரே முகடு வந்து, விகிதத்தை மாற்றும்போது அதுவும் நகர்ந்தால் நல்ல அறிகுறி. இரண்டு முகடு என்றால் தனித்தனித் துகள்களாக இருக்கலாம், ஒன்றின் மேல் ஒன்று தோலாகப் படிந்ததாகவும் இருக்கலாம். தங்கம் சுலபமாக ஒடுங்கும், அதாவது எலக்ட்ரான் வாங்கி உலோகமாகும், அதனால் மெதுவாக ஒடுக்கினால் அது முந்திக்கொண்டு கருவாகி, வெள்ளி மேலே தோலாகப் படியவும் கூடும். ஐஸில் வைத்த சோடியம் போரோஹைட்ரைடு என்ற வலுவான ஒடுக்கியை ஒரே மூச்சில் ஊற்றினால் இரண்டுமே சேர்ந்து இறங்கும், ஆனால் அப்போதே கரைத்தது வேண்டும், நேற்றுக் கரைத்து வைத்தது பாதி செத்திருக்கும்.

ஏற்காடு டீச்சர்: இங்கே தண்ணீர் 100 டிகிரியைத் தொடாது. உலோக உப்பைக் கொதிக்க வைத்து சிட்ரேட் விட்டு ஒடுக்கும் சிட்ரேட் முறை நடக்குமா?

நடக்கும், டீச்சர். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், நிறம் மாறக் கொஞ்சம் தாமதமாகும், துகள் அளவும் சற்று மாறலாம். வெப்பநிலையைக் குறித்து வையுங்கள். துகள் வினையூக்கியாக வேலை செய்கிறதா என்று பார்க்க 4-நைட்ரோஃபீனாலில் போரோஹைட்ரைடு விட்டு மஞ்சளாக்கி, துகள் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் வெளுக்கும். கையுறை கட்டாயம்.