சித்தி நன்றாக இருக்கிறார், அம்மா ஏன் பதறுகிறார்?

கேள்வி: என் அம்மா இலங்கையின் வன்னியில் இறுதிப் போருக்குள் அகப்பட்டு முள்ளிவாய்க்கால் கடற்கரை வரை போனவர். அண்ணன் அங்கேதான் காணாமற்போனார். போன வருடம் அம்மாவை இங்கே சிங்கப்பூருக்குக் கூட்டி வந்தேன். தேசிய தின ஒத்திகைக்குப் போர் விமானங்கள் பறந்தபோது, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். இரவில் தூங்குவதில்லை. சித்தியும் அதே பாதையில் வந்தவர்தான். இப்போது கிளிநொச்சியில் பிள்ளைகளோடு தோட்டம் செய்கிறார். “சித்தி நன்றாகத்தானே இருக்கிறார்?” என்கிறார் என் கணவர். அம்மாவுக்கு மனபலம் குறைவா?
- வாசகி, செங்காங்

பதில்: இல்லை சகோதரி. 2009 மே மாதம் அந்தக் கடற்கரையிலிருந்து உயிரோடு வெளியே வந்த பெண்ணை அப்படிச் சொல்லவே கூடாது. நீங்கள் எழுதியிருப்பது, பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன உளைச்சல் போலத் தெரிகிறது. மருத்துவர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பெண்களுக்கு இது ஆண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக வருகிறது.

சித்தியும் அம்மாவும் ஒரே பாதையில் வந்திருக்கலாம், பட்டது ஒன்றல்ல. எத்தனை முறை ஷெல்லடியில் மாட்டினார், யார் சாவதை அருகிலிருந்து பார்த்தார், தன் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கொடுமைகளின் எண்ணிக்கை கூடக்கூட பாதிப்பும் கூடும். ஆனால் பலரும் கவனிக்காதது, போர் முடிந்த பிறகு வந்த வாழ்க்கை. சித்திக்குப் பிள்ளைகள், மண், பழகிய அயலவர்கள் எல்லாம் திரும்பக் கிடைத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் செய்த ஓர் ஆய்வில், மொத்தத்தில் 7 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களிடம் அது 13 சதவீதம். உங்கள் அம்மா இப்போது மறுபடியும் ஊர் மாறியிருக்கிறார். பகலில் நீங்கள் வேலைக்குப் போனதும் வீடமைப்புக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும்விடக் கனமானது அண்ணன் விஷயம். இறந்தவருக்குத் திவசம் கொடுக்கலாம். காணாமற்போனவருக்கு என்ன செய்வது? கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் 2017இல் படங்களோடு வீதியோரப் பந்தலில் உட்கார்ந்து, வருடக்கணக்கில் போராடினார்கள். உங்கள் அம்மாவும் அவர்களில் ஒருவர்தான், இங்கே பந்தல் இல்லை, அவ்வளவுதான். “அவன் போய்விட்டான், மறந்துவிடுங்கள்” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால் உட்கார்ந்து கேளுங்கள், நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

விமானச் சத்தத்தை நிறுத்த முடியாது, முன்கூட்டிச் சொல்ல முடியும். ஆகஸ்ட் 9க்கு முந்தைய வாரங்களில் ஒத்திகை நாளைப் பார்த்து, “இன்று சாயந்திரம் பறக்கும், நான் பக்கத்தில் இருப்பேன்” என்று சொல்லிவையுங்கள். முழுமைத் தற்காப்பு தினமான பிப்ரவரி 15 மாலை 6.20க்கு ஒலிக்கும் அபாயச் சங்குக்கும் இதேதான். அப்புறம், சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோவிலுக்கு அழைத்துப் போங்கள். ஊர்ப் பேச்சு பேச நான்கு பேர் கிடைப்பது சின்ன விஷயமில்லை.

இதற்குச் சிகிச்சை உண்டு, இத்தனை வருடம் கழித்தும் பலன் தரும். தூக்க மாத்திரை மட்டும் போதாது. பயிற்சி பெற்றவரிடம், பாதுகாப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக நடந்ததைப் பேசும் முறைதான் முக்கியம். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்கி, மனநல மருத்துவருக்குக் கடிதம் கேளுங்கள். அம்மா நிரந்தரவாசி இல்லையென்றால் கட்டணம் கூடும், முதலிலேயே விசாரித்துவிடுங்கள். அவசரமென்றால் மனநலக் கழகத்தின் 6389 2222 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். மருத்துவர் முன் மொழிபெயர்க்க நீங்கள் உட்காராதீர்கள், தமிழ் பேசுபவரை ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மகளுக்கு முன்னால் சொல்ல முடியாதது அம்மாவிடம் ஏதாவது இருக்கலாம். அதை உங்களிடம் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.