வாசகர் கேள்வி: கச்சேரி மேடையும் பாடகர் குழுவும்

கேள்வி: என் மகள் பத்து ஆண்டுகளாகக் கர்நாடக இசை பயில்கிறாள். எங்கள் ஊர் ஆலயத்தில் முப்பது பேர் கொண்ட பாடகர் குழுவையும் இரண்டு ஆண்டுகளாக அவளே நடத்துகிறாள். குழுப் பாட்டு குரலைக் கெடுத்துவிடும், ஒன்றை விட்டுவிடு என்கிறார் அவளுடைய ஆசிரியை. இரண்டையும் தொழிலாகக் கொள்ள முடியாதா?
– வாசகர் ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: முடியும். ஆனால் ஆசிரியையின் அச்சத்திலும் பாதி நியாயம் இருக்கிறது. குழுவை நடத்துவதால் குரல் கெடுவதில்லை. நடத்திக்கொண்டே முப்பது பேருக்கும் மேலாகக் கேட்கும்படி பாடுவதால்தான் கெடுகிறது. கற்றுத் தரும்போது ஓரடி பாடிக் காட்டலாம். குழு பாடத் தொடங்கியதும் தங்கள் மகள் வாயை மூடிக் காதைத் திறந்துகொள்வது நல்லது. தனித்துப் பாடிப் பழகியவர்களுக்கு இதைவிடக் கடினமான பயிற்சி இல்லை.

கச்சேரி ஒருவருடைய மனோதர்மத்தை, அதாவது மேடையிலேயே கற்பனையாக விரித்துப் பாடும் திறனைச் சுற்றி அமைந்தது. இன்றைய கச்சேரி முறையை நிலைநிறுத்தியவராகக் கருதப்படும் அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் பயின்றது, உங்கள் மாவட்டத்தின் பெயரையே தாங்கிய இராமநாதபுரம் பூச்சி சீனிவாச அய்யங்காரிடம்தான் என்பதை இங்கே நினைவூட்ட ஆசை. அந்த மேடையில் தோடி ராகத்தின் காந்தாரம் என்ற சுரத்தை ஒருவர் அசைத்துப் பாடினால் அழகு. முப்பது பேர் முப்பது வேகத்தில் அசைத்தால் சுரமே கலங்கிவிடும். ஆகவே குழுவுக்கு மோகனம், சங்கராபரணம் போன்ற ராகங்களில், கமகம் என்ற அந்த அசைவைக் குறைத்து அமைத்த மெட்டுகளே பொருந்தும். சுருதியிலும் சிக்கல் உண்டு: கட்டை என்பது சுருதியின் உயரத்தைக் குறிக்கும் அளவு; தங்கள் மகளுக்கு இயல்பான ஐந்து கட்டையில் கீபோர்டை வைத்தால், ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆண்கள் மேல் சட்சமத்தை (உச்ச ‘ஸ’வை) எட்ட முடியாமல் கத்துவார்கள். இடைப்பட்ட சுருதியும் வீச்சுக் குறைந்த மெட்டும் ஒரு வழி. குரல்களைப் பிரித்து வெவ்வேறு சுரவரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது இன்னொரு வழி. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவிய எம்.பி. சீனிவாசன், திரைப்பட இசையமைப்பாளராக இருந்துகொண்டே, பாரதியார் பாடல்களை இந்த இரண்டாம் வழியில் அமைத்துக் காட்டினார். 1988-இல் மறைந்த அவருடைய பணியைத் தங்கள் மகள் தேடிக் கேட்க வேண்டும்.

கையையும் மாற்றிப் பழக வேண்டும். தாளம் போடும் கை, விழுகின்ற அடியை எண்ணுகிறது. குழுவை நடத்துபவரின் கையோ வரப்போகும் அடியை முன்கூட்டியே சொல்கிறது, எப்போது மூச்செடுப்பது என்பது உட்பட. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் தொடையில் தட்டிக்கொண்டிருந்தால் குழு எப்போதும் அரை நொடி பிந்தியே வரும்.

வருமானத்தைப் பொறுத்தவரை, சேர்ந்திசையை, அதாவது குழுப் பாட்டை மட்டும் நம்பி வாழ்வோர் நம் நாட்டில் மிகச் சிலரே. வானொலியின் குரல் தேர்வில் தகுதி பெறுவதும், இசையாசிரியர் பணிக்கான முறையான படிப்பை முடிப்பதும் அடித்தளமாக அமையட்டும்; பள்ளியில் வேலை கிடைத்தால் அங்கேயே ஒரு குழுவும் கிடைத்துவிடும்.

குரல் பிரித்துப் பாடும் பயிற்சிக்கு உங்கள் கடற்கரையில் ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும்; குழுவின் ஆண்கள் கடலுக்குச் செல்பவர்களாக இருந்தால், அவர்கள் எல்லோரும் மாலையில் ஒருசேரக் கிடைக்கும் காலம் அதுதான். ஒரு மாலை அந்த ஆசிரியையையும் அழைத்து உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.